மீட்டர் பெட்டியில் செருகியிருந்த அட்டை

மின்வாரியத்தில் 31 வருஷம் ரீடிங் எடுத்தவன் நான். கணக்கீட்டாளர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கு நான் 'கரண்டு கணக்கு எடுக்க வர்றவரு'. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று என் வேலை முழுக்கக் கடலோரமாகவே போனது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். தபால்காரருக்குக் கடிதம் வந்த வீடு மட்டும்தான் கணக்கு. எனக்குப் பெரிய பங்களாவும் ஓலைக் கொட்டகையும் ஒன்று. ஒரு வீட்டையும் விட முடியாது. அதனால் எந்தத் தெருவில் யார் திண்ணையில் உட்காருவார்கள், எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பாதையில் பெண்கள் இருட்டியபின் நடக்க மாட்டார்கள் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

2009-இல் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிற ஊர். மேலத்தெருவில் ஒரு லாத்தா வீடு. முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். மகன் சவூதியில், மருமகளும் பேரப்பிள்ளைகளும் படிப்புக்காகச் சென்னையில். லாத்தாவும் அவர்களோடு போய்விட்டார். வீடு பூட்டியிருந்தாலும் வெளிக்கதவு கொக்கிதான். உள்ளே போனால் திண்ணைச் சுவரில் மீட்டர். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் வெள்ளை அட்டை. தேதி, ரீடிங், யூனிட், தொகை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்த வீட்டு அட்டையில் யூனிட் கட்டத்தில் மூன்று தடவை வரிசையாகச் சைபர் போட்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். பின்பக்கக் கதவு கடப்பாரையால் நெம்பியிருந்தது. பித்தளை அண்டா, தண்ணி மோட்டார், சிலிண்டர், ஏசியின் செம்புக் குழாய் எல்லாம் போய்விட்டன. திண்ணையில் மீட்டர் பெட்டி திறந்து கிடந்தது. அட்டை உறையிலிருந்து உருவப்பட்டுத் தரையில் கிடந்தது. ஏட்டு அதைக் குனிந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது யாரு எழுத்து?"

"என் எழுத்துதாங்க."

"மூணு சைபர் போட்டிருக்கீங்க. ஆறு மாசமா ஆளில்லன்னு இதுல எழுதி மாட்டி வச்ச மாதிரில்ல இருக்கு."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையெழுத்தைப் படித்துவிட்டு ஒருவன் கடப்பாரையை எடுத்திருக்கிறான். அதுவரை திருட்டு என்றால் திருடன் மட்டும்தான் என் மனசில் வருவான். வீடு எப்படி இருந்தது, தெரு எப்படி இருந்தது, அங்கே என்னவெல்லாம் கண்ணில் படும்படி கிடந்தது என்று யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

லாத்தா சென்னையிலிருந்து வந்தார். புது மோட்டார் வாங்கி மாட்டினார், கதவைச் சரி செய்தார், பேரனுக்குப் பரீட்சை என்று மறுபடியும் போனார். அஞ்சாவது வாரம் அதே வீட்டில் மறுபடியும் திருட்டு. புது மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். "தம்பி, நாங்க புதுசு வாங்கி வைப்போம்னு தெரிஞ்சே காத்துக்கிட்டு இருந்துருக்கான்" என்று லாத்தா என்னிடம் சொல்லும்போது குரல் நடுங்கியது. பணம் போன நடுக்கம் இல்லை அது. தன் வீட்டை யாரோ தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்ற நடுக்கம். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் தனியாகப் படுக்கவே இல்லை.

என் மகள் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்தாள். அங்கே சேர்ந்த வருஷம் லீவுக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "அப்பா, இங்கிலாந்துல உங்க மீட்டரை வச்சே ஒரு கதை இருக்கு" என்றாள். ராச்டேல் என்ற ஊரில் கிர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள், ஏழைப்பட்ட சனம். 1980களில் அங்கே வீடு புகுந்து திருடுவது ரொம்ப அதிகம். காசு போட்டால் ஓடுகிற கரண்டு மீட்டர், கேஸ் மீட்டர் அந்த வீடுகளில் இருந்தன. அதாவது ஒவ்வொரு ஏழை வீட்டிலும் ஒரு உண்டியல். திருடன் நேராக மீட்டரை உடைத்துக் காசை அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஆராய்ச்சி செய்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: ஒரு தடவை திருட்டுப் போன வீட்டில்தான் மறுபடியும் திருட்டு நடக்கிறது, அதுவும் சீக்கிரமே. லாத்தா வீட்டில் நடந்தது போலவே.

அவர்கள் செய்தது இரண்டு மூன்று காரியம்தான். காசு மீட்டர்களை எடுத்தார்கள். திருட்டுப் போன வீட்டுக்கு உடனே பூட்டு, தாழ்ப்பாளைப் பலப்படுத்தினார்கள். அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் "கொஞ்ச நாள் இந்த வீட்டு மேல கண்ணு வைங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். திருட்டு பாதிக்கு மேல் குறைந்தது. ஊர் முழுக்கக் காவல் போடவில்லை. அடிபட்ட வீட்டைச் சுற்றி ஒரு கூடு கட்டினார்கள், அவ்வளவுதான்.

இதைக் கேட்டபின் நான் என் அளவில் செய்தது ஒன்று உண்டு. பூட்டிய வீட்டு அட்டையை வெளியே பெட்டியில் விட்டு வைக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவேன். "அவுக வந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டு, "வாசல் லைட்டை ராத்திரி ஒரு நேரம் போட்டு விடுங்களேன்" என்பேன். லாத்தா வீட்டுச் சாவி இப்போதும் எதிர்வீட்டு ராவுத்தரம்மாவிடம்தான் இருக்கிறது. மாலையில் அந்த அம்மா பேத்தியை அனுப்பி விளக்கைப் போடச் சொல்வார். அட்டையில் இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட், அஞ்சு யூனிட் ஓடும். சைபர் இல்லை.

இனி, அந்தத் திருட்டுக்கு ஊர் என்ன சொன்னது என்பதற்கு வருகிறேன். "காலனிப் பயலுகதான்." விசாரிக்கவே இல்லை, முதல் நாளே முடிவு. ஸ்டேஷனிலும் அப்படியே நினைத்தார்கள். மூன்று பையன்களைக் கூட்டிப் போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதில் ஒருவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஒரு பரீட்சை போய்விட்டது. பல மாதம் கழித்துப் பிடிபட்டவன் அந்த வீட்டுக்கு முன்பு பெயின்ட் அடிக்க வந்த வெளியூர் ஆள். காலனிக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்தப் பையனிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

காலனி எது என்று சொல்ல வேண்டும். கடற்கரை ஓரத்தில் ஓலை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு ஒரு மைல் உள்ளே தள்ளி அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். நல்ல எண்ணத்தில் கட்டியதுதான். ஓட்டைக் கூரையில் மழைக்கு நனைந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் வீட்டைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். முப்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பிள்ளை வளர்த்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் போய் விழுந்தார்கள். படகும் வலையும் கடற்கரையில், வீடு ஒரு மைல் தள்ளி. ஆண்கள் படகுக்குக் காவலாகக் கரையிலேயே படுத்துவிடுவார்கள். சிலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கரைக்கே திரும்பிவிட்டார்கள். வாடகைக்கு வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறினார்கள். நான் ரீடிங் எடுக்கப் போகும்போது கதவைத் திறப்பது போன தடவை பார்த்த முகமாக இருக்காது.

பழைய கடற்கரைத் தெருவிலும் ஏழ்மை அதே ஏழ்மைதான். சொல்லப் போனால் காலனியை விடக் கஷ்டம். ஆனால் அங்கே ஒரு பொருள் காணாமல் போகாது. வலையைக் காயப்போட்டுவிட்டு அப்படியே போவார்கள். நான் முதல் தடவை அந்தத் தெருவுக்குள் போனபோது எட்டு வீடு தாண்டுவதற்குள் மூன்று பேர் கேட்டார்கள்: "யாரு நீங்க? எந்த ஊரு? யாரைப் பாக்கணும்?" வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஊசியை நிறுத்தி என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூட நேரத்தில் அங்கே ஒரு பையன் முக்கில் நின்றால் ஏதோ ஒரு சித்தி வந்து காதைத் திருகிக் கூட்டிப் போவார். சொந்தச் சித்தியாக இருக்க வேண்டியதில்லை. காலனியில் ஐந்து பையன்கள் ஒரு பகல் முழுக்கத் தண்ணித் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். "யாரு பிள்ளைன்னே தெரியல அண்ணே. கேட்டா ராத்திரி கல்லு விழுந்துச்சுன்னா? எங்க வீட்டுல அவுக கடலுக்குப் போயிருப்பாக" என்றார். பயம் நியாயமான பயம்.

இதைத்தான் சிகாகோவில் அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். ராபர்ட் சாம்ப்சன் என்பவரும் கூட இருந்தவர்களும் நகரத்தை 343 பகுதிகளாகப் பிரித்து, 8,782 பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒரு கேள்வி: பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் உங்கள் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? 1997-இல் முடிவு வந்தது. ஆமாம் என்று சொன்ன பகுதிகளில், ஏழ்மை ஒரே அளவில் இருந்தாலும், அடிதடியும் கொலையும் குறைவு. ஆள் நிலைத்து இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கிற பகுதிகளிலும், ஏழ்மை ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிற பகுதிகளிலும் அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வளர்வதில்லை. குலுக்கல் சீட்டு எடுத்த நாளில் அந்த அதிகாரிகளுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால், வீடுகளைத் தெரு தெருவாகவே கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். பழைய அண்டை வீட்டாரைப் புது இடத்திலும் அண்டை வீட்டாராகவே வைப்பதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

அதற்கும் முன்னால், அதே சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்று இருவர். சிறுவர் கோர்ட்டுக்கு வந்த பிள்ளைகளின் வீட்டு முகவரியை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்து, 1942-இல் வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் ஜெர்மன்காரரும் ஐரிஷ்காரரும் இருந்த பகுதிக்குப் பிறகு போலந்துக்காரரும் இத்தாலிக்காரரும் வந்தார்கள். குடியிருந்த சனம் மாறியது. புள்ளி அதே இடத்தில்தான் குவிந்தது. அங்கிருந்து கிளம்பி நல்ல பகுதிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளோ கோர்ட்டுக்கு வருவது குறைந்தது. எனக்கு இது சட்டென்று புரிந்தது. எங்கள் ஆபீஸில் சர்வீஸ் நம்பர் வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆள் மாறினாலும் நம்பர் அதேதான். குற்றத்துக்கும் ஒரு சர்வீஸ் நம்பர் இருக்கிறது போல. நாம் ஆளைப் பார்க்கிறோம், சாதியைப் பார்க்கிறோம், "அவன் ரத்தமே அப்படி" என்கிறோம். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சு எத்தனை பேரை அழித்திருக்கிறது என்று எழுத உட்கார்ந்தால் இந்தப் பதிவு போதாது.

விளக்கு பற்றி நான் எழுதாமல் யார் எழுதுவது. காலனியிலிருந்து பஸ் நிறுத்தம் முக்கால் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். காலனிப் பெண்கள் நிறைய பேர் நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். நண்டு வரத்து அதிகமான நாளில் உடைத்து முடித்து பஸ் ஏறி இறங்க ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகும். அந்தப் பாதையில்தான் தாலி அறுப்பு, செல்போன் பறிப்பு, சைக்கிளில் பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுப்பது. பெண்கள் ஆறு ஏழு பேராகச் சேர்ந்து, செல்போன் வெளிச்சத்தில், சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பார்கள். வேலை சீக்கிரம் முடிந்தவள்கூட மற்றவர்களுக்காகக் காத்திருப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் இல்லை.

அங்கே விளக்குக் கம்பம் இல்லாமல் இல்லை. பதினேழு கம்பம் இருக்கிறது. மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஐந்தாவதாகத் தெருவிளக்குக்கென்று தனிக் கம்பி. ஊராட்சி போர்டில் சுவிட்சைப் போட்டால் அந்த ஐந்தாவது கம்பியில் கரண்டு வரும். கடற்கரைக் காற்றில் உப்பு. கம்பியும் கம்பியும் சேருகிற இடத்தில் ஜம்பர் என்று ஒரு இணைப்புக் கம்பித் துண்டு போட்டிருப்பார்கள். அது பச்சை பூத்து, வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, ஒரு நாள் காற்றடிக்கும்போது அறுந்துவிடும். ஆறாவது கம்பத்தில் அறுந்தால் அதற்கப்பால் பதினொரு விளக்கும் அணையும். பல்பு எல்லாம் நல்ல பல்பு. ஊராட்சியில் கேட்டால் "பல்பு புதுசா மாத்தியாச்சு, லைன் உங்களது" என்பார்கள். லைன்காரர்களைக் கேட்டால் "தெருவிளக்குப் பராமரிப்பு ஊராட்சி" என்பார்கள். நானும் அந்த லைன் பக்கத்து ஆள்தான். நானே பல தடவை அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கையளவு கம்பித் துண்டுக்காக நாலு மாதம், அஞ்சு மாதம் அந்தப் பெண்கள் இருட்டில் நடந்தார்கள்.

நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் 2016-இல் தற்காலிகமாகப் பெரிய விளக்குகளை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். எந்தக் குடியிருப்புக்கு விளக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்து, கொடுத்த இடத்தையும் கொடுக்காத இடத்தையும் ஒப்பிட்டார்கள். ராத்திரியில் வெளியே நடக்கிற பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. பிலடெல்பியாவில் குப்பையும் புதருமாகக் கிடந்த 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, இடுப்பளவுக்கு ஒரு மரவேலி போட்டார்கள். ரொம்ப ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கிச் சூடு 29 சதவீதம் குறைந்தது. 2018-இல் முடிவு வந்தது. துப்பாக்கிக்காரனை யாரும் தேடிப் போகவில்லை. புதரை வெட்டினார்கள். கருவேலத்தை வெட்டச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நம் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய. மாவட்டம் முழுவதையும் மொட்டையடிக்கச் சொல்லவில்லை. பெண்கள் நடக்கிற பாதைக்கு இரண்டு பக்கமும் இருபது அடி போதும். அந்த விறகையும் அவர்களே வெட்டிக்கொண்டு போவார்கள்.

2022 மே மாதம் ராமேசுவரம் வடகாட்டுப் பகுதியில் நடந்ததை இந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் மறக்கவில்லை. கடலில் பாசி எடுக்கப் போன ஒரு மீனவப் பெண் வீடு திரும்பவில்லை. கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடந்தார். பக்கத்து இறால் பண்ணையில் வேலை பார்த்த வடமாநிலத் தொழிலாளர்களைப் போலீஸ் கைது செய்தது. ஊர் கொதித்தது, கொதிக்காமல் எப்படி. அடுத்த வாரம் டீக்கடைகளில் பேச்சு முழுக்க 'வடக்கத்திக்காரன்' பற்றியே. செய்தவன் தண்டனை அடையட்டும், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் பாசி எடுக்கிற பெண்கள் என்னிடம் பேசியது வேறு: "போற பாதையில ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. கத்துனா கேக்குறதுக்கு ஆள் கிடையாது. நாங்க எத்தனை வருஷமா அதைச் சொல்லிக்கிட்டு இருக்கோம்." அவர்கள் சொன்னது அந்தக் கொலைக்கு முன்னாலும் உண்மை, அப்புறமும் உண்மை. கண்ணுக்கு எட்டாத ஒரு பாதையில் தனியாகப் போய்த்தான் சோறு சம்பாதிக்க வேண்டும் என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், தடை வேண்டியதுதான். ஆனால் காலனியில் இருப்பவர்கள் படகு முதலாளிகள் இல்லை, பங்குக்குப் போகிற கூலிகள். அந்த இரண்டு மாதம் கையில் காசு நிற்காது. அப்போதுதான் பைக்கில் ஒருவன் வருவான். "ஒரு ராத்திரி வேலைதான், மூட்டையை வண்டியிலருந்து வள்ளத்துல ஏத்தணும்." மூட்டையில் பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்கிற கடல் உயிரி, சில நாளில் கஞ்சா. மூட்டை இலங்கைக்குப் போகும். மாட்டிக்கொள்வது தூக்கியவன். அனுப்பியவன் இந்தத் தெருவிலேயே இருக்க மாட்டான்.

கடல் அட்டையை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது தொழில். முங்கி எடுத்து வந்து, வயிற்றைக் கீறி, பெரிய அண்டாவில் அவித்து, மணலில் புதைத்து, தேய்த்துக் காயப்போடுவார்கள். அந்த வாடை தெரு முழுக்க அடிக்கும். 2001-இல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்துத் தடை செய்தார்கள். இனம் அழிந்துகொண்டு வந்தது, காரணம் உண்டு. ஆனால் முங்குகிற வேலை ஒன்றே தெரிந்தவனுக்குப் பதிலாக என்ன தொழில் என்று யாரும் யோசித்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்பன் செய்த தொழிலை மகன் செய்தால் ஜெயில். அந்த அண்டா அதே வீட்டில்தான் இருந்தது.

ஒரு பையன் ஒரு தடவை மாட்டினால் முகவரியே கெட்டுப் போகிறது. ஒரு பைனான்ஸ் கம்பெனியில் காலனிப் பையன் ஒருவன் ஆட்டோ லோன் கேட்டுப் போனான். கேஸ் எதுவும் இல்லாத பையன். முகவரியைப் பார்த்ததும் "அந்த ஏரியாவுக்குக் குடுக்கறதில்ல" என்றார்கள். நானே ஜாமீன் போடுகிறேன் என்று போய் நின்றேன். நடக்கவில்லை. ஆட்டோ ஓட்டியிருக்க வேண்டியவன் மறு வருஷம் தடைக்காலத்தில் தண்ணித் தொட்டி மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு கடற்கரைத் தெரு என்றால் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் மீட்டர் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. ரீடிங் எடுக்கும்போது அந்தத் தங்கச்சி முந்தானையை இழுத்து முகத்தை மூடியபடி அட்டையை நீட்டியது. நீட்டிய கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு விரல் பதிந்த நீலம். முந்தானை கொஞ்சம் விலகியபோது இடது கண் மூடியே இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று அதற்கும் தெரிந்தது. "படியில விழுந்துட்டேன் அண்ணே" என்றது. அந்த வீட்டுக்குப் படி கிடையாது. மணல் தரை. நான் யூனிட்டை எழுதினேன், தொகையை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "பார்த்து இரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வெளியாள் எட்டு வீடு தாண்டுவதற்குள் மூன்று தடவை விசாரிக்கிற தெரு அது. சுவர் ஓலைச் சுவர். ஒவ்வொரு ராத்திரியும் அந்த அலறல் கேட்டிருக்கும். யாரும் கேட்கவில்லை. "அது அவுக குடும்ப விஷயம்." வலை பின்னுகிற அந்தப் பெரியவர் என்னிடம் சொன்ன வார்த்தை இது.

அதே தெருவில் ஒரு பெண்ணும் வேறு சாதிப் பையனும் பேசிக்கொண்டு நின்றதற்கு மொத்தத் தெருவும் கூடிவிட்டது. அங்கே மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது. எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்று தெரு தீர்மானிக்கிறது. யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு அடி என்பதும் அந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. இப்போதென்றால் பெண்களுக்கான 181 உதவி எண்ணை அந்தத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். அட்டையின் ஓரத்திலேயே எழுதியிருக்கலாம். அவன் அந்த அட்டையைத் தொட்டே பார்த்திருக்க மாட்டான். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ரீடிங்குக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. அப்பா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நல்லபடியாக இருக்கட்டும்.

காலனியில் இப்போது கொஞ்சம் மாற்றம் இருக்கிறது. பாதை தொடங்குகிற முக்கில் ஒரு அக்கா ஆப்பக்கடை போட்டிருக்கிறார். விடியற்காலை நாலரைக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பமும் டீயும். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதரை வரை இட்லி. கடை வந்தபின் அந்த முக்கில் ஒரு பறிப்பு நடக்கவில்லை. அந்த அக்கா யாரையும் விரட்டவில்லை. "யாரு மகன் நீ? சாப்டியா?" என்று கேட்பார், அவ்வளவுதான். கேட்கப்பட்டவன் மறுநாள் அந்த இடத்தில் வேறு காரியம் செய்யத் தயங்குவான். தண்ணித் தொட்டிப் பையன்களில் இரண்டு பேர் இப்போது அவருக்குக் கேன் தண்ணீர் தூக்கிக் கொடுக்கிறார்கள். கடைக்கு ஊராட்சி அனுமதி இல்லை என்று இரண்டு தடவை எடுக்கச் சொன்னார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் நின்றோம். நண்டு கம்பெனிப் பெண்கள் அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடை இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அங்கே டீ குடிக்கப் போனேன். ஆறாவது கம்பத்துக்கு அப்பால் மறுபடியும் இருட்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜம்பர்தான், ஒரு முனை தொங்கிக்கொண்டு இருந்தது. எட்டே முக்கால் பஸ்ஸில் இறங்கிய பெண்கள் கடை வெளிச்சத்தில் நின்று ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். ஏழு பேர். ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, "அண்ணே, நீங்க ஈபில இருந்தவுகதானே? லைட்டு எப்ப வரும்?" என்று கேட்டது.

"நாளைக்கு" என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற ஆளுக்கு அப்படிச் சொல்ல என்ன அதிகாரம் என்று தெரியாது. காலையில் செக்ஷன் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் போய் வாசலில் நின்றேன். லைன்மேன் வேறு பழுதுக்குப் போயிருந்தார். மதியம் வருகிறேன் என்றார். மதியம் வரவில்லை. இப்போது மணி நாலு. இதை இத்தோடு நிறுத்திவிட்டு மறுபடியும் அவரைப் பார்க்கப் போகிறேன். எட்டே முக்கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.